மாயாண்டி அண்ணனின் அரைச் சக்கரம்

போன மாதம் எங்கள் தேயிலை எஸ்டேட் ஃபேக்டரியின் இளவட்ட ஃபிட்டர்கள் சிலர் என் வீடு தேடி வந்தார்கள். ஃபேக்டரிக்குக் கரண்டு வந்துவிட்டதாம். ஆயில் இஞ்சினுக்கு இனி வேலை இல்லையாம். அதை வாசலில் மேடை கட்டி, பச்சை வர்ணம் அடித்து நிறுத்திவைக்கலாம் என்று ஒரு கட்சி. போடிக்கு வண்டியேற்றி உருக்கிவிடலாம் என்று இன்னொரு கட்சி. பழைய ஹெட் ஃபிட்டர் நீங்கள், நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அதைப் பூட்டியவன் நான் இல்லை, பூட்டியவனைப் போய்க் கேளுங்களப்பா என்றேன். கேட்டது கேட்டீர்கள், காப்பியைக் குடித்துவிட்டு மூத்தாள் கதையைக் கேட்டுவிட்டுப் போங்கள் என்று உட்காரவைத்தேன். அன்று வாயால் சொன்னதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

நான் அடக்கமான ஆள் இல்லை. அது இந்த மலைக்கே தெரியும். போடிமெட்டுக்கு இந்தப் பக்கம் நான் பூட்டிய ரோலரோ டிரையரோ ஒன்றாவது ஆட்டம் கண்டது என்று எவனாவது சொல்லட்டும் பார்க்கலாம். ஆனால் பூட்டுவது பெரிய காரியம் இல்லை. சீமையிலிருந்து வருகிற படத்தைப் பார்த்து யாரும் பூட்டுவார்கள். என் நெஞ்சு நிமிர்வது நான் கழற்றிய ஒன்றை நினைத்துத்தான்.

மூத்தாள் என்பது எங்கள் நீராவி இஞ்சினுக்கு லயத்தில் குடியிருக்கிற கூலி ஆட்கள் வைத்த பேர். ஆயில் இஞ்சின் வந்த பிறகு அதற்கு இளையாள் என்று பேர் விழுந்தது. மூத்தாள் மலைமலையாக விறகு தின்பாள், விடிவதற்கு முன்பே ஊரைக் கூட்டிச் சத்தம் போடுவாள். இளையாள் எண்ணெயைக் குடித்துவிட்டு மூலையில் முணுமுணுத்துக்கொண்டிருப்பாள். துரை இப்போது யார் வீட்டில் படுக்கிறார் என்று கொழுந்து பறிக்கிற பெண்கள் கேலி பேசுவார்கள்.

மூத்தாளை மலைக்கு ஏற்றிய கூட்டத்தில் நானும் இருந்தேன். எனக்கு அப்போது மீசை அரும்புகிற வயசு. ஆயிரத்து எண்ணூறுகள் முடிகிற சமயம். போடியிலிருந்து மேலே வண்டிப் பாதை கிடையாது, கழுதைத் தடம்தான். துண்டு துண்டாக வந்திறங்கிய இஞ்சினைச் சறுக்குப் பலகையில் ஏற்றி, வடம் கட்டி இழுக்க வேண்டும். அதனால் தேர் இழுத்துப் பழகிய ஊர்களாகப் பார்த்துக் கங்காணி ஆள் பிடித்தார். போடிப் பக்கத்து எங்கள் ஊர்த் தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவர் மாயாண்டி அண்ணன். கூடப் பிறந்தவர் இல்லை, ஊர் முறையில் அண்ணன். சக்கரத்துக்கும் தரைக்கும் நடுவே கட்டையைக் கொடுத்துவிட்டுக் காலை உருவுகிற வித்தை அவருக்குத்தான் வரும். நான் வடம் பிடித்தேன். அவர் கட்டை போட்டார்.

இஞ்சினின் பெரிய சக்கரம் இரண்டு ஆள் உயரம். ஒரே வார்ப்பாக இருந்தால் மலையேறாது என்று சீமையிலேயே இரண்டு பாதியாக வார்த்து அனுப்பியிருந்தார்கள். முதல் பாதி ஏறிவிட்டது. இரண்டாவது பாதியை இழுத்தபோது மழை பிடித்துக்கொண்டது. ஒரு வளைவில் தடத்தின் ஓரமே இற்று விழுந்தது. பலகை பின்னால் சரிய, மாயாண்டி அண்ணன் கட்டையோடு பாய்ந்தார். கட்டையும் அண்ணனும் அரைச் சக்கரமும் ஒன்றாகப் பள்ளத்துக்குள் போனதை நான் வடத்தைப் பிடித்தபடியே பார்த்தேன். என் உள்ளங்கைத் தோல் வடத்தோடு போய்விட்டது.

மழை விட்ட பிறகு இறங்கித் தேடினோம். அரைச் சக்கரம் ஓடைப் பாறையில் மல்லாந்து கிடந்தது, வெளி விளிம்பான வட்டையில் ஒரு சாண் நீளத்துக்குச் சில்லு பெயர்ந்திருந்தது. அண்ணன் கிடைக்கவே இல்லை. ஓடை கொண்டுபோயிற்றோ, வேறு எதுவும் கொண்டுபோயிற்றோ, ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

எங்கள் சனத்தில் எரிப்பதுதான் முறை. எதை எரிப்பது? தர்ப்பையில் உருவம் செய்து கொள்ளி வைத்துவிடலாம் என்று ஊர்ப் பெரியவர்கள் சொன்னார்கள். அண்ணன் மனைவி இருளாயி மதினி ஒப்பவில்லை. எங்கேயோ குத்துயிராகக் கிடந்து பிழைத்து வந்துவிட்டால் உசுரோடு இருக்கிறவருக்குக் கொள்ளி வைத்த பாவம் யாருக்கு என்று கேட்டார். மறு வருஷம் கைப்பிள்ளை வேலுச்சாமியை இடுப்பில் வைத்துக்கொண்டு மதினி மலையேறி, எங்கள் எஸ்டேட்டிலேயே கொழுந்து பறிக்கச் சேர்ந்துவிட்டார். புருஷன் திரும்பி வந்தால் இந்த வழியாகத்தான் வருவார் என்று நினைத்தாரோ என்னவோ. நான் கேட்டதில்லை.

வருஷங்கள் போகப்போக அவர் வரமாட்டார் என்பது மதினிக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் படையல் போட ஓர் இடம் வேண்டுமே. உடம்பும் இல்லை, புதைத்த மேடும் இல்லை. ஓர் ஆயுத பூஜை அன்று இஞ்சின் கொட்டகைக்குள் வந்து, ஓடிக் களைத்து நிற்கிற சக்கரத்தை அண்ணாந்து பார்த்து, இதில் அவரோடு விழுந்த பாதி எது கொழுந்தனாரே என்று கேட்டார். சில்லு பெயர்ந்த பாதி மேலே கூரைப் பக்கம் நின்றது. கடப்பாரையை ஆரக்காலில் கொடுத்து, நெம்பி நெம்பிச் சுற்றி, அந்தப் பாதியைக் கீழே கொண்டுவந்தேன். மதினி அதற்குச் சந்தனம் வைத்து, இலை போட்டு, சோறும் கருவாட்டுக் குழம்பும் பரிமாறினார். அதன்பிறகு ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் துரைமார் தேங்காய் உடைத்துப் போன பிறகு நான் சக்கரத்தைச் சுற்றிக் கொடுப்பேன், மதினி இலை போடுவார். உலகத்தில் மாயாண்டி அண்ணனுக்கு என்று இருந்த இடம் அந்த அரைச் சக்கரம் ஒன்றுதான்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. சில்லுப் பாதி கீழே நின்றால் பிஸ்டன் சரியாகக் கடைசி நுனியில் போய் மாட்டிக்கொள்ளும். மறுநாள் காலை எவ்வளவு ஆவி கொடுத்தாலும் இஞ்சின் அசையாது. அதை முன்கூட்டியே வந்து மறுபடி நெம்பிவைக்க வேண்டும். ஒரு தடவை நான் வருவதற்குள் இஞ்சினியர் துரை வந்துவிட்டார்.

இந்த மனுஷரைப் பற்றி நின்று நிதானமாகச் சொல்ல வேண்டும். மெள்ளத் துரை என்றால்தான் லயத்தில் தெரியும். தமிழில் அவர் முதலில் கற்ற வார்த்தை 'மெள்ள'. வால்வைத் திறக்கிறவனுக்கு மெள்ள, திருகு முடுக்குகிறவனுக்கு மெள்ள, சோறு தின்கிறவனைப் பார்த்தாலும் மெள்ள. நேர்த்தியான வெள்ளைக் கைக்குட்டை ஒன்றை பேரிங்கில் ஒற்றி எடுப்பார். கறுப்பாக வந்தால் ஒன்றும் சொல்லமாட்டார். அந்தக் கைக்குட்டையை அந்த வேலைக்கு உரியவன் சட்டை மாட்டுகிற ஆணியில் மாட்டிவிட்டுப் போவார். அது அங்கேயே தொங்கும், போகிறவன் வருகிறவன் எல்லாம் பார்ப்பான். அதற்கு நாலு அறை வாங்கிவிடலாம்.

இஞ்சின் நின்றுபோனால் பழுது எங்கே என்று அவருக்கு உடனே தெரிந்துவிடும். சொல்லமாட்டார். கொட்டகை ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து பைப்பைப் பற்றவைத்துக்கொள்வார். அங்கே தேயிலை புளித்துக்கொண்டிருக்கும், எஸ்டேட் மானேஜரான பெரிய துரை ஆள்மேல் ஆள் அனுப்பிக்கொண்டிருப்பார், இவர் புகையை விட்டுக்கொண்டு நம் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். நாமாகத் தேடிக் கண்டுபிடிக்கிறவரைக்கும் அந்தப் பைப் அணையாது. எதைக் கேட்டாலும் அன்றைக்குப் பதில் கிடையாது. நாளை என்பார். மறுநாள் கட்டாயம் பதில் வரும்.

எண்ணெய்க் கேனைத் தூக்குகிறவனாக அவரிடம் சேர்ந்தேன். பாய்லர் குழாய்க்குள் புகுந்து கரி சுரண்டினேன், விறகு போட்டேன், ஃபிட்டருக்குக் கையாளாக நின்றேன், ஃபிட்டர் ஆனேன், ஹெட் ஃபிட்டர் ஆனேன். நான் ஃபிட்டர் ஆனபோது விறகு போடுகிற வேலைக்கு வேலுச்சாமியைச் சேர்த்துவிட்டேன். அப்பன் ஏற்றிய இஞ்சினுக்கு மகன் தீ போட்டான். அவனை மாதிரித் தீ போடுகிறவனை நான் பார்த்ததில்லை. போட்ட தீ பிடித்து நின்று எரிகிறதைக் கண்ணால் பார்க்காமல் பாய்லர் வாயைவிட்டு நகரமாட்டான். யார் கூப்பிட்டாலும் சரி, இருங்க சித்தப்பா பிடிக்கட்டும் என்பான்.

அன்றைக்குக் காலை நான் போகும்போது மெள்ளத் துரை சக்கரத்தின் முன்னால் நின்று, வட்டையில் காய்ந்த சந்தனத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இஞ்சினைத் தப்பான இடத்தில் நிறுத்தியவன் யார் என்று கேட்டார். நான் உள்ளதைச் சொன்னேன். சில்லு பெயர்ந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினார். இஞ்சின் மலையேறிய காலத்தில் அவர்தான் சின்ன இஞ்சினியராகக் குதிரையில் முன்னால் போனவர். காலையில் திருப்பி நெம்பிவைக்கிறது உன் வேலைதானே என்றார். ஆமாம் என்றேன். சரி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பிறகு அதைப் பற்றி ஒருநாளும் பேச்சு எடுத்ததில்லை.

இளையாள் வந்து நிலைத்த பிறகு மூத்தாளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் புது டிரையர் வைப்பது என்று கம்பெனியில் முடிவாயிற்று. இஞ்சினை உடைத்து, இரும்பைப் போடி வியாபாரிக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று உத்தரவு. அது போதாதென்று பெரிய துரைசானிக்கு ஓர் ஆசை வந்தது. வேகத்தைக் கட்டுப்படுத்துகிற இரண்டு பித்தளைக் குண்டுகள் பங்களா நடுக்கூடத்தில் பூச்சாடிக்கு இரண்டு பக்கமும் காவல் உட்கார்ந்தன. பெரிய சக்கரத்தின் இரண்டு பாதியையும் தோட்டத்துக்குள் நுழைகிற வழியில் இரண்டு வளைவாக நட்டு, ரோஜாக் கொடி ஏற்ற வேண்டுமாம். சக்கரம் கழன்று வராவிட்டால் பரவாயில்லை, உடைந்த துண்டுகளைப் பாத்திக்குக் கரை கட்டிக்கொள்கிறேன் என்றாராம்.

மலையையே தூக்கி நிறுத்தின இஞ்சின், ஒரு பாதி பழைய இரும்புக்கு, மறுபாதி பூக்கொடிக்கு! ஓடின மிஷினை அப்படியே துடைத்து எண்ணெய் போட்டு ஓர் ஓரமாக வைத்தால் என்ன குடிமுழுகிவிடும்? மெள்ளத் துரையிடம் கேட்டேன். நாளை என்றார். மறுநாள், கம்பெனிக்கு இடம் வேண்டும் சங்கையா, எனக்கு அதிகாரம் இல்லை என்றார். முகத்தைப் பார்க்கவில்லை.

எனக்கு இஞ்சினைவிட மதினிதான் பெரிய கவலை. பங்களாத் தோட்டத்துக்குள் லயத்து ஆள் காலெடுத்து வைக்க முடியாது. சக்கரம் அங்கே போனால் அண்ணனுக்கு இலை போடுவது நின்றுபோகும். சம்மட்டியால் உடைத்தாலோ, சிலிண்டர் எது, அடித்தட்டு எது, அண்ணனோடு விழுந்த பாதி எது என்று அந்த இரும்புக் குவியலில் பெற்ற தாயாலும் பிரித்தெடுக்க முடியாது. எப்படியாவது அந்தப் பாதியை முழுசாகக் கழற்றி எடுத்துவிட வேண்டும், பிறகு யார் காலில் விழுந்தாவது லயத்துக் கோயில் பக்கத்தில் நட்டுவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

கழற்றுவது என்றால் லேசில்லை. சக்கரத்தின் நடுக் குடத்தில் இரண்டு பாதியையும் சேர்த்து போல்ட்டு, அதற்குமேல் இரண்டு பக்கமும் கனத்த இரும்பு வளையம். வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போடுகிற மாதிரி, வளையத்தைப் பழுக்கக் காய்ச்சி மாட்டிக் குளிரவிட்டிருந்தார்கள். குளிர்ந்து இறுகியது அத்தனை வருஷமும் அசையவில்லை. போடி வியாபாரியின் சம்மட்டி ஆட்கள் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்கள். இரும்பேற்ற வண்டிகள் திரும்பி வருகிறவரைக்கும் உனக்குத் தவணை, அதற்குள் சக்கரம் கழன்று வராவிட்டால் உடைத்துவிடுவோம் என்று மெள்ளத் துரையே சொல்லிவிட்டார்.

மற்றப் பாகங்களை எல்லாம் பிரித்தோம். நாங்கள் கழற்றக் கழற்ற, சம்மட்டி ஆட்கள் வெளியே போட்டு உடைத்தார்கள். ஒவ்வோர் அடியும் என் பல்லில் விழுந்தது. வட்டையின் இரண்டு மூட்டிலும் இருந்த ஆப்புகளை உருவினோம். போல்ட்டுகளுக்கு மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து ஒவ்வொன்றாக எடுத்தோம். மிச்சம் வளையம்.

வளையத்தைச் சுற்றித் தகரத் தொட்டி கட்டிக் கரி போட்டோம். வேலுச்சாமி தீ வைத்தான். வளையம் சூடேறி விரிய வேண்டும், உள்ளே இருக்கிற குடம் குளிர்ந்தே இருக்க வேண்டும். அதற்காகக் குடத்தின்மேல் நனைத்த சாக்கைப் போர்த்தினோம். மெள்ளத் துரை பெஞ்சில் உட்கார்ந்து பைப்பைப் பற்றவைத்தார். அவர் பழக்கிவிட்ட பழக்கம், நாங்கள் தீயைப் பதமாக, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினோம். காய்ச்சிக் காய்ச்சித் தட்டிப் பார்த்தோம். ம்ஹூம். சாக்கைத் தொட்டால் ஆவி பறந்தது. குடமும் சேர்ந்தே காய்ந்து, வளையத்தோடு சேர்ந்தே விரிந்திருக்கிறது. அவ்வளவு கரியும் வீண். சம்மட்டி ஆள் ஒருவன் எழுந்து கையில் எச்சில் துப்பிக்கொண்டான். வேலுச்சாமி முகத்தில் ஈயாடவில்லை.

அப்போது பெஞ்சிலிருந்து துரை எழுந்து வந்தார். பைப்பைக் கீழே வைத்துவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டார்.

"சங்கையா, இதுக்கு மெள்ள இல்லை. வேகம்."

அந்த வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். எனக்கும் சட்டென்று உறைத்தது. மெள்ள ஏறின சூடு மெள்ள உள்ளேயும் இறங்கிவிட்டது. குடத்துக்குச் செய்தி போவதற்குள் வளையத்தைப் பழுக்கவைக்க வேண்டும். அன்றைக்கு முழுக்க ஆறவிட்டோம். மறுநாள் கொல்லுப் பட்டறையிலிருந்து துருத்திகள் எல்லாவற்றையும் தூக்கிவரச் சொன்னார். வளையத்தின் எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் தீ, எல்லாத் துருத்தியும் ஒரே மூச்சில். வேலுச்சாமி சுற்றிச் சுற்றி ஓடி, கறுத்த இடம் ஒன்று விடாமல் கரியைத் தள்ளினான். துரை சாக்கின்மேல் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். ஒரு சொட்டு தவறிச் சூட்டில் விழுந்தால் வார்ப்பு வெடித்துவிடும். ஒரு சொட்டும் தவறவில்லை. வளையம் செம்பருத்தி நிறத்துக்கு வந்ததும் நான் மரக்கட்டையை வைத்துச் சுத்தியால் ஒரு தட்டுத் தட்டினேன். ஒரு நூல் நகர்ந்தது. இன்னொரு தட்டு. வளையம் வளையல் மாதிரிக் கழன்று வந்துவிட்டது.

அடுத்த பக்கத்து வளையமும் அப்படியே வந்தது. செயின் போட்டு இரண்டு பாதியையும் இறக்கித் தரையில் வைத்தோம். வாரிக் கட்டின வேட்டியோடு நான் போட்ட குதியைப் பார்த்துச் சம்மட்டி ஆட்களே கைதட்டினார்கள். துரை கைக்குட்டையை எடுத்து என் நெற்றிக் கரியைத் துடைத்து, அந்தக் கறுப்புத் துணியை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். இந்த மலையில் வேறு எந்த ஃபிட்டருக்கும் கிடைக்காத மரியாதை அது, இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறேன்.

மதினியைக் கூட்டிவரச் சொன்னேன். சில்லுப் பாதி தரையில் முழுசாகக் கிடந்தது. மதினி, உடையாமல் எடுத்தாச்சு, துரையிடம் கெஞ்சி லயத்துக் கோயில் பக்கத்தில் நட்டுவிடுகிறேன், இனி நீங்கள் நினைத்தபோதெல்லாம் இலை போடலாம் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். மதினி வட்டைமேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். எனக்கு ஒரு சபாஷ் வரும் என்று காத்திருந்தேன்.

"இந்த உடைக்கிற இரும்பெல்லாம் எங்க போகுது கொழுந்தனாரே?"

போடிக்கு என்றேன்.

"அங்க என்ன செய்வாக?"

வார்ப்படப் பட்டறையில் போட்டு உருக்குவார்கள் என்றேன்.

"அப்ப இவரையும் அந்த வண்டியிலயே ஏத்திவிடுங்க. ஏறி வந்த மனுசன் இறங்கவே இல்லையே. ஊர் மண்ணுக்குப் போகட்டும். உருக்கட்டும். உடம்பா இருந்தா எரிக்கத்தானே செய்வோம்? இத்தனை வருசமா ஒரு தீயில்லாமக் கிடக்காரு."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இதற்கா மாடாய் உழைத்தேன்? இதற்கா கையைச் சுட்டுக்கொண்டேன்? உருக்குவதற்கு உடைத்தே அனுப்பியிருக்கலாமே என்று கத்திவிட்டேன். வேலுச்சாமி தலையைக் குனிந்துகொண்டான். மதினி கத்தவில்லை.

"உடைச்சிருந்தா எது அவருன்னு எனக்கு எப்படித் தெரியும்? நீங்க முழுசா எடுத்துக் குடுத்தீகளே, அதனாலதான் கேக்க முடியுது."

என் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. தேம்பித் தேம்பி அழுதேன், எல்லோரும் பார்க்க. அதிலும் எனக்கு வெட்கமில்லை.

துரைசானிக்கு இரண்டு வளைவு சொல்லியாயிற்றே. மதினியே மெள்ளத் துரையின் முன்னால் போய் நின்று, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, எனக்குச் சொன்னதையே அவருக்கும் சொன்னார். பதிலை நான் எதிர்பார்த்தேன். நாளை என்பார். ஆனால் அவர் அன்றைக்கு நாளை என்று சொல்லவில்லை.

"தோட்டத்துக்கு ஒரு வளைவு போதும். இவரை முதல் வண்டியில் ஏத்து."

இவரை என்றார். இதை என்று சொல்லவில்லை. பங்களாவில் அதற்காக அவர் என்ன பேச்சு வாங்கினாரோ எனக்குத் தெரியாது. அந்தத் தோட்டத்தில் ஒற்றை வளைவுதான் நின்றது.

அதற்குள் கணவாய்த் தடம் அகலமாகி வண்டி போகிற பாதை ஆகியிருந்தது. வைக்கோல் பரப்பி, அரைச் சக்கரத்தை அதன்மேல் படுக்கவைத்து, ஆடாமல் நானே கயிறு கட்டினேன். வண்டியில் ஏறச் சொன்னாலும் மதினி கேட்கவில்லை. பின்னாலேயே நடந்தார். நானும் வேலுச்சாமியும் ஆளுக்கு ஒரு முட்டுக்கட்டையோடு சக்கரத்துக்குப் பக்கத்தில் நடந்தோம். இறக்கம் வருகிற இடத்திலெல்லாம் கட்டை போட்டோம். போடிமெட்டைத் தாண்டி அண்ணன் விழுந்த அந்த வளைவு வந்ததும் மதினி வண்டியை நிறுத்தச் சொன்னார். ஓரத்தில் போய் நின்று பள்ளத்தைப் பார்த்தார். கீழே ஓடை தெரியவில்லை, மரங்கள் வளர்ந்து மூடியிருந்தன. அவர் குரலை உயர்த்தக்கூட இல்லை. சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரிதான் கூப்பிட்டார்.

"வாங்க, ஊருக்குப் போவோம்."

வண்டிக்காரன் மாட்டைத் தட்டவே மறந்துவிட்டான். மதினி திரும்பி வந்து, போகலாம் என்று தலையசைத்த பிறகுதான் வண்டி நகர்ந்தது.

வார்ப்படப் பட்டறை போடிக்குக் கீழே தோப்பு ஓரத்தில் இருந்தது. நடத்தியவர் ஓர் ஆசாரி. விஷயத்தைச் சொன்னபோது மறுபேச்சுப் பேசவில்லை. அரைச் சக்கரம் முழுசாக உலைக்குள் போகாது, இங்கே உடைத்துத்தான் ஆக வேண்டும் என்றார். நான் மதினியைப் பார்த்தேன். ஊர் வந்து சேர்ந்தாயிற்று, இனி உடைக்கட்டும் என்றார் மதினி. அந்த இரும்போடு வேறு இரும்பு கலக்காமல், தனி உலையாகவே போடுகிறேன் என்று ஆசாரி வாக்குக் கொடுத்தார். கொடுத்தபடியே செய்தார். உருகின இரும்பு கிணற்று உருளை ஆயிற்றா, கரும்பாலை உருளை ஆயிற்றா என்று நாங்கள் கேட்கவில்லை. சாம்பலை ஆற்றில் விட்ட பிறகு அது எந்த வயலுக்குப் பாய்ந்தது என்று யார் கேட்கிறார்கள்?

மறுநாள் காலை வேலுச்சாமி மொட்டை அடித்து, வாய்க்காலில் முழுகி, ஈர வேட்டியோடு வந்தான். உடைத்த துண்டுகளை உலை வாய்க்குப் பக்கத்தில் அடுக்கியிருந்தார்கள். மதினி ஒவ்வொரு துண்டின்மேலும் ஒரு பிடி அரிசி போட்டார். பட்டறை ஆட்கள் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்கள். வேலுச்சாமி நீர்க்குடத்தைத் தோளில் ஏந்தி உலையைச் சுற்றி வந்தான். ஆசாரி ஒவ்வொரு சுற்றுக்கும் குடத்தில் ஓர் ஓட்டை போட்டார். கடைசியில் குடத்தைப் பின்னால் விட்டு உடைத்தான்.

எரிகிற கட்டையை அவன் கையில் கொடுத்தோம். உலைக்கு முதுகைக் காட்டி நின்று, கையைப் பின்னால் கொண்டுபோய், அடிவாயில் அடுக்கியிருந்த விறகுக்குள் கொள்ளியைச் செருகினான். அப்புறம் திரும்பிப் பார்க்கக்கூடாது, அதுதான் முறை. வாலிப வயசெல்லாம் பாய்லருக்குத் தீ போட்டவன், போட்ட தீ பிடித்ததா என்று பார்க்காமல் ஒருநாளும் நகராதவன், அப்போது ஒரு நொடி அப்படியே நின்றான். பிறகு தோப்பைப் பார்த்துத் தலை குனிந்து நடந்தான்.

நான் பார்த்துக்கொண்டேன். தீ நன்றாகப் பிடித்திருந்தது.